குப்பனூர் வெயிலில் காய்ந்த என்ஜின்

மஞ்சக்குட்டை,
1-7-1990

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மணி எழுதுவது. இங்கே அத்தையும் நானும் சுகமாக இருக்கிறோம். அந்த ஊர் வெயில் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு.

உங்கள் கடிதம் வந்தது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் வேலை பார்க்கும் குவைத் பட்டறையைப் பற்றி எழுதியிருந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்கள். கார் எடுக்க வரும் அரபிக்காரர் முதலில் பானட்டைத்தான் திறக்கச் சொல்வார், என்ஜின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக்கூடாது, அலுமினிய மூடிகள் பாலீஷ் ஏறியும் நட்டு போல்ட்டெல்லாம் முலாம் பூசியும் இருக்க வேண்டும், சுற்றி வந்து குனிந்து பார்ப்பார், பிடித்திருந்தால் ஒன்றும் பேசாமல் உங்கள் தோளைத் தட்டுவார் என்று எழுதியிருந்தீர்கள். அத்தை கேட்டுவிட்டு, "வண்டி ஓடுனாப் பத்தாதா கண்ணு? வவுத்துக்குள்ள இருக்கறத ஆரு பாக்கறாங்க?" என்றார்கள். கொஞ்ச நேரம் முறத்தில் கை ஓட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "என்ற மவன் தொட்டா அது மினுங்கத்தான் செய்யும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்கள்.

ஊரார் வண்டிகளுக்கெல்லாம் செய்கிறேன், நம் ஜீப்பின் என்ஜின் மட்டும் சேறும் மசியுமாகக் கிடக்கிறதே, வந்ததும் முதல் வேலை அதுதான் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஓர் ஆசை. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டில் வேலை இல்லை. பலா மரத்தடியில் ஜீப்பின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை விலக்கி, பானட்டைத் தூக்கிக் கழி முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். விடியற்காலைப் பனி உள்ளேயும் இறங்கியிருந்தது. பேட்டரிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை. அதில் பனித்துளி கோத்து, மூக்குத்திக் கற்களைப் பரப்பி வைத்ததுபோல இருந்தது. கலைக்க மனம் வராமல் நின்றுகொண்டிருந்தேன். வெயில் வந்ததும் அதுவே காணாமல் போயிற்று.

மாமா, இந்த வேலையை நானே செய்து வைக்கட்டுமா? சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்பு சேலத்தில் கொலுசுப் பட்டறையில் நானும் ஆராயியும் செய்ததும் மினுக்குகிற வேலைதானே. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் முக்கிப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்ததை நீங்களே பெண் பார்க்க வந்தபோது பார்த்திருக்கிறீர்கள். வெள்ளிக்குப் பதில் இரும்பு, அவ்வளவுதானே என்று நினைக்கிறேன். கழற்றுவதும் மாட்டுவதும் என்னால் ஆகாது. ஏற்காட்டில் உங்கள் மெக்கானிக் சிநேகிதர் ஜேசுதாஸிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஓடற வண்டியப் பிரிச்சுப் போட்டா அண்ணன் என்னையத்தானுங்க அக்கா திட்டும்" என்றார். அதனால் நீங்கள் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எதை எதை மினுக்க வேண்டும், எதற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அலுமினியத்தில் சோடா உப்புப் பட்டால் கறுத்துவிடும் என்று ஜேசுதாஸ் சொல்வது நிஜமா, இதையும் எழுதுங்கள். பொங்கலுக்கு நீங்கள் வந்து பானட்டைத் திறக்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று இப்போதே நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன். காப்பித் தோட்டத்தில் நிழல் மரம் கழிக்கும் வேலை ஓடுகிறது. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள்
அம்மணி


மஞ்சக்குட்டை,
26-8-1990

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு எப்படி வரும் என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

குவைத்துக்குள் ஈராக் பட்டாளம் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்துதான் செய்தி கேட்டது. முதலில் வேறு ஏதோ ஊரென்று நினைத்தேன். மறுநாள் உங்களுக்குக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு ஏற்காடு போனேன். அந்த நாட்டுக்கு இப்போது தபால் எடுப்பதில்லை என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். "பத்திரமா ஊட்லயே வெச்சிருங்கம்மா, வழி தொறந்ததும் கொண்டாங்க" என்று அந்த அம்மாள் தன்மையாகத்தான் சொன்னார். கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தேன். ஏரி முழுக்கப் பனி. தண்ணீர் எங்கே முடிகிறது, கரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நீங்கள் இருக்கும் இடமும் எனக்கு இப்போது அப்படித்தான் இருக்கிறது.

இங்கே எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கடையில் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. முன்பு என்னோடு சண்டை போட்டவர்கள்கூட முதலில் எனக்குச் சாமான் கொடுக்கச் சொல்கிறார்கள். எஸ்டேட் ரைட்டர் எனக்கு வீட்டுக்குப் பக்கத்துக் காட்டிலேயே வேலை போடுகிறார். உங்கள் அண்ணன் சித்தன் வந்தார். வெகுநேரம் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

ஆள் இல்லாத வண்டியைப் பார்ப்பதுபோல அவர் பார்த்த பார்வை எனக்கு என்னவோ போல இருந்தது. மறுநாளே ஜேசுதாஸிடம் போய், உங்கள் அனுமதி வராவிட்டாலும் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் இந்தத் தடவை தலையைச் சொறியவில்லை. சாயங்காலம் சாமான் பையோடு வந்துவிட்டார். என்ஜின் தலையை மூடும் டேப்பட் கவர், ஏர் கிளீனர், முன்பக்கத்து அலுமினிய மூடி, ஹாரன், பேட்டரி பட்டை, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக், கைக்கு எட்டிய நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் கழற்றி, திறந்த வாய்களில் துணி அடைத்துவிட்டுப் போனார்.

ஒரு தகரத்தில் சீமெண்ணெய் ஊற்றி எல்லாவற்றையும் ஊறப்போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். நீங்கள் ஓட்டிய பாதையெல்லாம் அதில் இருந்தது மாமா. மேலே கறுப்பு மசி. அதற்குக் கீழே வாழவந்திப் பாதையின் செம்மண். அதற்கும் கீழே ஒரு சாம்பல் பெயிண்ட். எல்லாம் போன பிறகு, எப்போதோ யாரோ கம்பெனியில் அடித்த பச்சை. நீங்கள்கூட அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அலுமினிய மூடிக்கு உப்புத்தாள் போட்டேன். முதலில் முரட்டுத் தாள், பிறகு மெல்லியது, அதன் பிறகு தண்ணீரில் நனைத்து இன்னும் மெல்லியது. ஒவ்வொரு தாளும் தனக்கு முந்திய தாள் போட்ட கீறலை அழிக்கிறது. அவ்வளவுதான் வேலை. கொலுசுக்குச் செய்ததைவிடச் சுலபம், கை வலிதான் அதிகம். தேய்க்கத் தேய்க்க மனசு எங்கேயோ போய்விடுகிறது. ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் இருட்டியிருந்தது. அத்தை விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வைத்தது எனக்குத் தெரியவே இல்லை.

பெயிண்ட் அடித்ததில்தான் தவறு நடந்தது. ஜேசுதாஸ் கம்ப்ரஸர் எடுத்து வந்து டேப்பட் கவருக்கும் ஏர் கிளீனருக்கும் அடித்துக் கொடுத்தார். டேப்பட் கவருக்கு அந்தப் பழைய பச்சைதான் வேண்டும் என்று கேட்டேன். அடித்து முடித்துக் கொய்யா மரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் பனி மூடிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் பச்சையெல்லாம் மேலே பால் தெளித்ததுபோல் வெளுத்திருந்தது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது, சுரண்டிவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும், ஆனால் ஐப்பசி கார்த்திகை தாண்டாமல் இந்த மலையில் எதுவும் காயாது என்றார் ஜேசுதாஸ்.

அத்தனை நாள் நான் எப்படிப் பொறுப்பேன்? எல்லாவற்றையும் சுரண்டிச் சாக்கில் கட்டிக்கொண்டு, கீழே போகும் எஸ்டேட் லாரியில் ஏறிக் குப்பனூர் போய்விட்டேன். ஆராயி அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள், உங்களுக்குத் தெரியும். அவள் ஊட்டுக்காரர் பம்பு செட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவரே அடித்துக் கொடுத்தார். அவர்கள் களத்துப் பாறையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். தூசி விழாமல் இருக்க நான்கு குச்சி நட்டு என் மாற்றுச் சேலையை மேலே கட்டினேன். பாறை சூடு, காற்று சூடு. மேலே நிமிர்ந்தால் நம் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. அங்கே அத்தை போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இங்கே நான் வேர்வையில் நனைந்திருக்கிறேன். ஒரே நாள்தான், இரண்டு காலம். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் இருக்கும் இடத்திலும் இதே வெயில்தானே என்று தோன்றியது. எனக்கு முதுகில் சுட்டது உங்களுக்கும் சுடும். சேலை நிழலில் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டிருந்தது. ஈரம் போகப் போக ஒரு நிறம் எப்படி ஆழமாகிறது என்று அன்றுதான் பார்த்தேன். ஆராயி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு கொசு உழுந்திருக்குது பாரு" என்று மட்டும் சொன்னாள்.

நட்டு போல்ட்டையெல்லாம் அவளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் வேலைக்குப் போகும் பட்டறைக்குப் பக்கத்தில் நிக்கல் முலாம் போடுகிறார்கள். எண்ணெய் ஒரு சொட்டு இருந்தாலும் முலாம் உரிந்துவிடுமாம், கீறல் இருந்தால் அதையும் பளிச்சென்று காட்டிவிடுமாம். அதனால் ஒவ்வொன்றையும் மறுபடி தேய்த்துத்தான் கொடுத்தேன்.

மாமா, நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள்? யாராவது சோறு போடுகிறார்களா? இந்தக் கடிதத்தையும் முந்தின கடிதத்தோடு வைத்துக்கொள்கிறேன்.

உங்கள்
அம்மணி


மஞ்சக்குட்டை,
7-10-1990

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஜோர்டான் எல்லையில் உயிரோடு இருந்தீர்கள் என்று தெரிந்த பிறகு எழுதும் முதல் கடிதம் இது.

அதற்கு முன்பு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வேறு யாராவது சொல்லி நீங்கள் உங்கள் அண்ணன் மேல் கோபப்படக் கூடாது. ஆவணி கழிந்து அவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜீப்பை விலைக்குக் கேட்கிறவர். அத்தை அடுப்படியில் இருந்தார்கள். அண்ணன் என்னிடம், "வண்டி நின்னே மக்கிப்போவுது அம்மணி. நாளைக்கு உனக்கும் அம்மாளுக்கும் ஒரு தொகை கையில இருக்கோணுமில்ல" என்றார். நாளைக்கு என்று அவர் சொன்னதில் நீங்கள் இல்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தவர் தார்ப்பாயை இழுத்துப் பானட்டைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. ஓட்டை ஓட்டையாகத் துணி அடைத்த ஓர் இரும்புக் கட்டை மட்டும் இருந்தது. ரேடியேட்டரைக்கூட அப்போது கழற்றியிருந்தோம். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். "ஏனுங்க, வண்டி விக்கறன்னு சொல்லிப்போட்டுக் கூட்டியாந்தீங்க" என்றார். அப்போதுதான் அத்தை வெளியே வந்து, "சாமானெல்லாம் என்ற மருமவ மினுக்கறா. என்ற மவன் வந்து மாட்டுவான். நீங்க காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார்கள்.

அவர் போன பிறகு அண்ணன் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தம்பி போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு, அதை எங்களிடம் சொல்ல முடியாமல் அவரும்தான் இத்தனை நாள் தனியாக இருந்திருக்கிறார். அத்தை அவர் தலையில் கை வைத்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் அத்தை தாமாக வந்து ரேடியேட்டர் பக்கத்தில் குந்தினார்கள். மேல் தொட்டி பித்தளை, கறுப்புப் பெயிண்ட் போனதும் அது தெரிந்தது. எனக்கு உப்புத்தாளில்தான் புத்தி போயிற்று. அத்தை, "இது குடந்தானே. புளி போட்டுத் தேச்சா வராமப் போயிருமா?" என்று புளியும் சாம்பலும் எடுத்து வந்துவிட்டார்கள். முழங்கால் வலியோடு அந்த ஒரு தொட்டியை மூன்று நாள் தேய்த்தார்கள். நானும் எதிரில் உட்கார்ந்து மூடியைத் தேய்ப்பேன். பனி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும். தேய்க்கிற சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும், அத்தை இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் இருக்கிறேன் என்று அவர்களுக்கும் தெரியும். பனி விலகும்போது பித்தளை மட்டும் முதலில் தெரியும். சூரியன் கீழே இறங்கி வந்து நம் கொல்லையில் உட்கார்ந்ததுபோல.

பிறகுதான் வாழவந்தி சூசைமாணிக்கம் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். உங்கள் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அவரேதான். நானும் அண்ணனும் ஓடினோம். ஆள் பாதியாக இருந்தார். குவைத்தில் இருந்து பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து பாலைவனத்தில் ஜோர்டான் எல்லை, அங்கே கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தாராம். நீங்களும் அவரும் ஒரே கூடாரத்தில் இருந்தீர்கள் என்றார். பட்டறையைக் கொள்ளையடித்துவிட்டார்களாம். சம்பள பாக்கி, நீங்கள் எங்களுக்காக வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த சாமான், எதுவும் மிஞ்சவில்லையாம். விமானத்துக்குப் பெயர் கூப்பிட்டபோது உங்களுக்குக் காய்ச்சல் என்று நிறுத்திவைத்து அவரை மட்டும் ஏற்றிவிட்டார்களாம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். வற்புறுத்திக் கேட்டதும், "'வெறுங்கையோட எப்படிங்க ஊட்டுப் படி ஏறறது'ன்னு ஒண்ணையே சொல்லீட்டு இருந்தாருங்க" என்றார்.

மாமா, நான் அன்றிரவு ஒரு கனவு கண்டேன். பாலைவனம் நான் பார்த்ததில்லை. அதனால் கனவில் அது மணலாக இல்லை, பனியாக இருந்தது. நீங்கள் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை, கையில் வந்தது, தேய்க்கிறேன் என்றீர்கள். உங்கள் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. எழுந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. நல்ல கனவு கண்டதுபோலவே இருந்தது.

இப்போது பஸ் சத்தம் கேட்டால் அத்தை எழுந்து வாசலுக்குப் போகிறார்கள். காய்ச்சல் விட்டிருக்கும். பெயர் கூப்பிட்டிருப்பார்கள்.

உங்கள்
அம்மணி


மஞ்சக்குட்டை,
4-11-1990

பம்பாயில் இருக்கும் என் மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் போய்ச் சேரும். அதை நினைத்தாலே போதும் என்று இருக்கிறது. முன்பு எழுதிப் போட முடியாமல் வைத்திருந்த கடிதங்களையும் இதோடு அனுப்புகிறேன். முதலில் அவற்றைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

நீங்கள் ஜேசுதாஸுக்குப் போன் செய்து, ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். அவர் மேல் கோபம் வேண்டாம். நான்கைந்து நாள் அவர் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. முலாம் ஏறி வந்த நட்டு போல்ட்டை எடுத்துக்கொண்டு நான் அவர் பட்டறைக்குப் போனேன். அவர் அதை வாங்கிக் கையில் கொட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு திடீரென்று, "அண்ணன் பம்பாயில இருக்குதுங்க அக்கா. வந்து நொம்ப நாளாச்சுங்க. என்னால இத வெச்சுக்கிட்டு இதுக்கு மேல வேல செய்ய முடியலீங்க" என்றார். நான் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன். சந்தோஷமா, கோபமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காது அடைத்துக்கொண்டது. ஏற்காட்டு பஸ்ஸெல்லாம் சத்தமில்லாமல் போயின.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். உடம்பு நல்லா இருக்கானா என்று மட்டும் கேட்டார்கள். இருக்கிறார் என்றேன். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துச் சோறாக்கி, குழம்பு வைத்து, எனக்கும் போட்டுத் தாங்களும் சாப்பிட்டார்கள். ஆடி மாதத்துக்குப் பிறகு அவர்கள் ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். கை கழுவிவிட்டு வந்து, "ஏன் வரலியாம்?" என்றார்கள். வெறுங்கையோடு வர மனசில்லையாம் என்று சொன்னேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, "கிறுக்குப் பய" என்றார்கள். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மறுபடி போன் செய்வீர்கள் என்று ஜேசுதாஸ் சொன்னதால், அவர் பட்டறைக்குப் பக்கத்தில் போன் இருக்கும் மருந்துக் கடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஜேசுதாஸ் போனை எடுத்து ஒரு வார்த்தை பேசிவிட்டு என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான்தான் பேசுகிறேன் என்றேன். நீங்கள் பேசவில்லை. உங்கள் பக்கத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டது. நீங்கள் வைத்துவிடுவீர்கள் என்று பயம் வந்துவிட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல், வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். ஜீப்பைப் பிரித்தோம், டேப்பட் கவர் பனியில் வெளுத்தது, குப்பனூர் கொண்டுபோய்க் காயவைத்தேன், ரேடியேட்டரை அத்தை புளி போட்டுத் தேய்த்தார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் வைத்துவிடுவீர்கள் என்று தோன்றியது. நான் பேசி முடித்தேன். ரயில் போய்விட்டது. அப்புறம் உங்கள் குரல் வந்தது. "கவருக்குப் பிரைமர் அடிச்சியா, இல்ல நேராப் பெயிண்டா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்த்துப் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். நான் சிரித்துக்கொண்டு அழுதேனா, அழுதுகொண்டு சிரித்தேனா, தெரியவில்லை.

பதில் இதுதான். முதல் தடவை பிரைமர் அடிக்கவில்லை. குப்பனூரில் ஆராயி ஊட்டுக்காரர் இரண்டு கை ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துக் காயவைத்து, உப்புத்தாள் போட்டு, அதன் மேல்தான் பச்சை அடித்தார். ஆனால் ஏர் கிளீனருக்கு அடிவிளிம்பில் பெயிண்ட் வடிந்து ஒரு கண்ணீர்த் துளி மாதிரி நின்றுவிட்டது. சுரண்டி எடுத்துவிடலாம் என்றார் ஜேசுதாஸ். நீங்கள் வந்து பார்த்துத் திட்டுவதற்கு ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று விட்டுவைக்கச் சொன்னேன்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டோம். போன வெள்ளிக்கிழமை ஜேசுதாஸ் ஸ்டார்ட் செய்தார். முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. பானட்டைத் திறந்தே வைத்திருந்தோம். பச்சை மூடி, அதைச் சுற்றி முலாம் போட்ட நட்டுகள், பித்தளைத் தொட்டி, வெள்ளி மாதிரி அந்த அலுமினிய மூடி, எல்லாம் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன. உள்ளே உயிர் வந்துவிட்டது என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது. காப்பிக் காட்டிலிருந்து வந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். உங்கள் அண்ணன் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. என் தோளைத் தட்ட முடியாதல்லவா, ஜேசுதாஸ் தோளைத் தட்டினார். அந்த அரபிக்காரரை நான் பார்த்ததில்லை, ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா, இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீங்கள் அங்கே தாராவியில் ஒரு தையல் கடையில் படுத்துக்கொண்டு, வேலை தேடி, நாலு காசு சேர்த்துக்கொண்டு, பிறகு வரலாம் என்று இருக்கிறீர்களாம். அந்த நாலு காசு சேரும்போது இன்னும் நாலு காசு தேவைப்படும். எனக்குத் தெரியும் அது எப்படி என்று. நீங்கள் குவைத்துக்குப் போனபோதும் ஒரு வருஷம் என்றுதான் சொன்னீர்கள்.

உங்களை யாரும் கேலி பேச மாட்டார்கள் என்று நான் பொய் சொல்லவில்லை. ஒன்றிரண்டு பேர் பேசுவார்கள். பத்து நாள் பேசுவார்கள், பிறகு காப்பிப் பழம் எடுக்கும் வேலை வந்துவிடும், அவர்களுக்கும் நேரம் இருக்காது. சூசைமாணிக்கம் வீட்டுக்கு இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். அவரும் வெறுங்கையோடுதான் வந்தார். அவருடைய சம்சாரம் அவர் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஆம்பிளைச் சட்டை ஈரமாகத் தொங்குகிற ஒரு கொடியை நான் அவ்வளவு நேரம் நின்று பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. அவள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் வரைக்கும் நின்றேன்.

டிக்கெட்டுக்கு வேண்டியதை ஜேசுதாஸ் அந்தத் தையல் கடைக்காரருக்கு ஏற்பாடு செய்துவிட்டார். நான் கேட்காமலே அவராகச் செய்தது, மறுக்காதீர்கள். சேலம் ஜங்ஷனில் இறங்கி யாரையும் பார்க்காமல் நேராக பஸ்ஸில் ஏறிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குளிரும், துண்டைக் காதோடு சுற்றிக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்ட உடம்பு. வீட்டுக்கு வந்ததும் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வராதீர்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. நாங்களும் கேட்க மாட்டோம்.

இன்றிலிருந்து அத்தை மூன்று பேருக்கு உலை வைக்கிறார்கள். மிஞ்சினால் மிஞ்சட்டும், பழையதாக நான் சாப்பிட்டுக்கொள்கிறேன். நம் மலைச்சாமி சேர்வராயன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கையும் காலும் கண்ணுமாக நீங்கள் வந்தால் போதும். வந்துவிடுங்கள்.

உங்கள்
அம்மணி